மிச்ச சீட்டும் மூடின கதவும்

"சரித்திரமா? அதப் படிச்சி என்னத்தல கிழிக்கப் போற?"

பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வெளியான வாரத்தில் சங்கரன்கோவில் வட்டாரத்தில் எந்தச் சேரிக்குள் நுழைந்தாலும் இந்தக் கேள்வி காதில் விழும். கேட்பது தறிக்குப் போகிற அண்ணனாக இருக்கும், பூ பறிக்கப் போகிற அத்தையாக இருக்கும், தீப்பெட்டி ஆபீசுக்கு முப்பது வருசம் நடந்த ஆச்சியாக இருக்கும். அவுகமேல நமக்குக் கோபம் இல்லை. ஒரு பிள்ளையின் மூணு வருசக் கூலியை விட்டுக்கொடுத்து, பஸ்ஸுக்கும் பரீட்சைக்கும் காசு புரட்டி அனுப்புகிற வீடு, இதனால் சோறு கிடைக்குமா என்று கேட்கத்தான் செய்யும். கேட்கணும்.

நம்ம கோபம் வேறு இடத்தில் இருக்கிறது. இதே கேள்வியைக் குளிரூட்டிய அரங்கத்தில் ஒலிபெருக்கி பிடித்துக் கேட்கிறார்களே உயர்கல்வி வழிகாட்டிகள், அவர்கள்மேல் இருக்கிறது. வரலாற்றுக்கு அவர்கள் ஒதுக்குவது இரண்டு நிமிடம். "வரலாறு படித்தால் ஐ.ஏ.எஸ். ஆகலாம், ஆசிரியராகலாம், சுற்றுலா வழிகாட்டியாகலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குத் தாவிவிடுவார்கள். ஐ.ஏ.எஸ். ஆக எந்தப் பட்டமும் போதும். அதற்கு வரலாறுதான் படிக்கணும் என்று எவனும் சட்டம் போடவில்லை. வரலாறு படித்தவர் மட்டும் போய் உட்காரக்கூடிய நாற்காலிகள் சில இந்த நாட்டில் இருக்கின்றன. அவற்றின் பேர்கூட அந்த இரண்டு நிமிடத்தில் வராது.

இன்னொன்றையும் பார்க்கணும். நம்ம பிள்ளைகளுக்கு வரலாறு விருப்பப் பாடமாக வருவதே குறைவு. வணிகவியலும் கணினி அறிவியலும் நிரம்பின பிறகு, கலந்தாய்வின் கடைசி நாளில், "ஹிஸ்டரி இருக்கு, எடுத்துக்கிடுதியா?" என்று கேட்கப்பட்டு வருகிறது. மிச்ச சீட்டு. பந்தியில் எல்லாரும் எழுந்த பிறகு இலை போடுகிற மாதிரி. போட்டுவிட்டு, "இதுல ஒண்ணும் ருசி இல்லப்பா, உனக்கு எதுக்கு?" என்று அவர்களே அனுதாபமும் படுவார்கள். வாங்கின பிள்ளையும் அதை நம்பி, மூணு வருசம் குற்ற உணர்ச்சியோடு வினா விடைப் புத்தகம் வாங்கிப் படித்து, பட்டம் பெற்று, பீரோவில் வைத்துப் பூட்டுகிறது.

சரி, ஒண்ணுக்கும் உதவாத படிப்பு என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் நாம் ஒரு கேள்வி கேட்கணும். உதவாத பொருளுக்கு எவனாவது காவல் போடுவானா?

போட்டிருக்கிறார்கள். 2022ஆம் ஆண்டு ஒன்றிய அரசின் சமூக நீதித்துறை, தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகைத் திட்டத்துக்குப் புதிய விதிமுறை வெளியிட்டது. பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நாடோடிப் பழங்குடியினர், நிலமற்ற விவசாயக் கூலிகள், பாரம்பரியக் கைவினைஞர் ஆகியோரின் பிள்ளைகள் வெளிநாடு போய்ப் படிப்பதற்கென்றே உள்ள திட்டம் அது. அந்தப் பிள்ளைகள் இந்தியப் பண்பாடு, இந்திய மரபு, இந்திய வரலாறு, இந்தியா பற்றிய சமூகவியல் ஆகிய பொருள்களில் படிக்கவோ ஆராயவோ இந்தப் பணம் கிடையாது என்று விதியில் சேர்த்தார்கள். இந்தியாவைப் பற்றிப் படிக்க இந்தியாவிலேயே வசதி இருக்கும்போது வெளிநாடு எதற்கு என்பது சொல்லப்பட்ட காரணம். பொறியியல் படி, மருத்துவம் படி, மேலாண்மை படி, தாராளமாகப் போய்ட்டு வா. உன் தாத்தனை எவன் ஊருக்கு வெளியே நிறுத்தினான், எப்போது நிறுத்தினான் என்று மட்டும் அங்கே போய்ப் படிக்காதே. இதைத் தவிர அந்த விதிக்கு வேறு அர்த்தம் எனக்குப் படவில்லை.

இந்த விதி 1913இல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த ஆண்டுதான் பரோடா மன்னரின் உதவித்தொகையில் அம்பேத்கர் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1915இல் முதுகலைக்கு அவர் எழுதிய ஆய்வேடு பண்டைய இந்திய வணிகம் பற்றியது. 1916 மே மாதம் அங்கே மானிடவியல் கருத்தரங்கில் அவர் வாசித்த கட்டுரை இந்தியாவில் சாதிகள் எப்படித் தோன்றின, எப்படி இயங்குகின்றன என்பது பற்றியது. இரண்டும் இந்தியா, இரண்டும் வரலாறு. 2022இன் விதிப்படி இரண்டுக்கும் பணம் கிடையாது. அவர் படத்தை அலுவலகச் சுவரில் மாட்டிக்கொண்டு, அவர் படித்ததை அவர் பிள்ளைகள் படிக்கக்கூடாது என்று எழுதுகிறார்கள். பொருளாதாரத்தில் பட்டம் வாங்கி, சட்டத்தில் பட்டம் வாங்கி, அப்புறமும் அந்த மனுசன் கடைசிவரை எதோடு மல்லுக்கட்டினார்? 1946இல் சூத்திரர் யார் என்று கேட்டு ஒரு புத்தகம். 1948இல் தீண்டப்படாதோர் யார் என்று கேட்டு இன்னொரு புத்தகம். இரண்டும் சரித்திரப் புத்தகங்கள். அரசியல் சட்டம் எழுதிக்கொண்டிருந்த வருசங்களில்கூட அவருக்குச் சரித்திரம் தேவைப்பட்டது.

இங்கேயே படிக்கலாமே என்கிறார்களே, இங்கே படிக்கப்போனால் என்ன நடக்கிறது? சேலத்திலிருந்து ஒரு தலித் இளைஞர் போனார். முத்துக்கிருஷ்ணன். டெல்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் வரலாற்று ஆய்வு மையத்தில் எம்.பில். சேரணும் என்று விடாமல் முயன்று, பல தடவை தோற்று, கடைசியில் நுழைந்தவர். 2017 மார்ச் 13 அன்று டெல்லியில் இறந்துகிடந்தார். அதற்குச் சில நாள் முன்னால் அவர் தம் முகநூல் பக்கத்தில் எழுதியது, எம்.பில்., பிஎச்.டி. சேர்க்கையில் சமத்துவம் இல்லை என்பதைத்தான். அவர் சும்மா எழுதவில்லை. நேர்முகத் தேர்வு மதிப்பெண்ணில் சமூகப் பின்னணி பார்த்துப் பாகுபாடு நடக்கிறது என்று அந்தப் பல்கலைக்கழகமே அமைத்த அப்துல் நஃபே குழு 2016இல் கண்டு சொன்னது. நேர்முகத்துக்கு முப்பது மதிப்பெண் வேண்டாம், பதினைந்தாகக் குறையுங்கள் என்று பரிந்துரைத்தது. ஆனால் அதே 2016இல் பல்கலைக்கழக மானியக்குழுவின் புதிய விதி, எழுத்துத் தேர்வை வெறும் தகுதித் தேர்வாக்கி, நேர்முகத்தையே முழு அளவுகோலாக்கியது. எழுத்துத்தாளில் முகம் தெரியாது. நேர்முகத்தில் முகம் தெரியும், பேச்சு தெரியும், ஊர் பேரைக் கேட்டால் மிச்சமும் தெரிந்துவிடும். இளங்கலை வாசலில் மிச்ச சீட்டாகத் தள்ளிவிடுகிற அதே பாடம், ஆராய்ச்சி வாசலுக்கு வந்ததும் எப்படி இவ்வளவு விலையேறிப்போகிறது?

ஏனென்றால் இளங்கலையில் சரித்திரத்தைப் படிக்கிறோம். ஆராய்ச்சியில்தான் எழுதுகிறோம்.

யார் எழுதுகிறார்கள் என்பதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு எங்க ஊரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். சங்கரநாராயணர் கோயிலுக்கு ஆடித்தபசுக்குக் கூடுகிற கூட்டம் நாடறிந்தது. அந்தக் கோயில் எப்படி வந்தது? தலபுராணமே சொல்கிறது: புன்னைவனத்தைக் காவல் காத்த காவற்பறையன் புற்றை வெட்டினான், பாம்பின் வால் அறுபட்டது, உள்ளே லிங்கம் இருந்தது, அவன் ஓடிப்போய் உக்கிரபாண்டியனிடம் சொன்னான், பாண்டியன் வந்து கோயில் கட்டினான். சாமியை முதலில் கண்டது ஒரு பறையன். இதை மறைக்க முடியவில்லை, கதை அவ்வளவு ஆழமாக ஊரில் ஊறியிருக்கிறது. அதனால் என்ன செய்தார்கள்? அந்தக் காவற்பறையன் உண்மையில் பறையன் இல்லையாம். மணிக்கிரீவன் என்ற தேவனாம். சாபத்தால் பறையனாகப் பிறந்தானாம். பறையன் சாமியைக் கண்டான் என்பது இவர்களுக்குத் தொண்டையில் சிக்கும். சாபம் வாங்கின தேவன் கண்டான் என்றால் இறங்கிவிடும். கண்டவனின் வம்சம் 1939இல் மதுரையில் ஆலயப் பிரவேசம் நடந்து, 1947இல் கோயில் நுழைவுச் சட்டம் வரும்வரை உள்ளே போவதற்குக் காத்து நிற்க வேண்டியிருந்தது.

இதே வித்தையை நம்ம பொதிகை மலையடியிலும் செய்திருக்கிறார்கள். முத்துப்பட்டன் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியப் பெண்கள் இருவரை மணந்து, மாமனாரோடு செருப்புத் தைத்து, மாடு காத்து, அந்த மாடுகளுக்காகவே செத்த பார்ப்பனன். வில்லுப்பாட்டுக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்த கதை. பிற்காலப் பிரதிகளில் அந்தப் பெண்கள் பிறப்பால் பார்ப்பனப் பெண்கள் என்றும், காட்டில் கிடந்த குழந்தைகளைச் சக்கிலியர் எடுத்து வளர்த்தார்கள் என்றும் சேர்ந்துவிட்டது. இது பின்னால் சேர்த்த ஒட்டு என்று பிரதிகளை ஒப்பிட்டுச் சொன்னவர் நெல்லைக்காரர் நா.வானமாமலை. 1970களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகத்துக்காக அவர் கதைப்பாடல்களைப் பதிப்பித்தார். அப்படி ஒருவர் உட்கார்ந்து ஏட்டையும் பாட்டையும் வைத்துப் பார்த்ததால் முத்துப்பட்டன் விசயம் வெளியே வந்தது. காவற்பறையனுக்கு அப்படி ஒருவர் இன்னும் வரவில்லை. மணிக்கிரீவன் எந்தப் பிரதியில், எந்தக் காலத்தில் உள்ளே நுழைந்தான்? இது ஒரு பிஎச்.டி. பட்டத்துக்குப் போதுமான கேள்வி. எங்க ஊர்ப் பிள்ளை ஒன்று செய்யவேண்டிய வேலை.

கோயில் கல்வெட்டுக்கு வருவோம். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாண்டை 2010இல் அரசு கொண்டாடியது. ராஜராஜன் புகழ் பாடாத பத்திரிகை இல்லை. அதே கோயில் சுவரில், வரி நீக்கிய நிலங்களைக் கணக்கெடுக்கும் இடத்தில், ஊர்நத்தம் தனியாக, பறைச்சேரி தனியாக, தீண்டாச்சேரி தனியாக, சுடுகாடு தனியாக வெட்டியிருக்கிறது. தீண்டாச்சேரி! ஆயிரம் வருசத்துக்கு முந்திய கல்லில். இது ரகசியம் ஒன்றும் இல்லை, ஹுல்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் 1890களிலேயே அச்சேறிவிட்டது. ஜப்பானியரான நொபொரு கராஷிமா தமிழ்க் கல்வெட்டுகளில் தீண்டாமை பற்றித் தனியாகவே கட்டுரை எழுதினார். பள்ளிக்கூடப் புத்தகத்தில் கோபுரத்தின் உயரம் வரும், நந்தியின் எடை வரும். தீண்டாச்சேரி வராது. பாடநூல் எழுதும் குழுவில் அந்தச் சொல்லைப் பார்த்து நெஞ்சு பதறுகிற ஆள் உட்காராதவரை அது வரவும் செய்யாது.

வந்ததையும் எடுத்துவிடுவார்கள் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்க நடத்திய தோள்சீலைப் போராட்டம் ஒன்பதாம் வகுப்பு மத்தியப் பாடத்தில் இருந்தது. 2016இல் அந்தப் பகுதியைப் படிக்கவேண்டாம் என்று சி.பி.எஸ்.இ. சுற்றறிக்கை விட்டது. 2019இல் என்.சி.இ.ஆர்.டி. அந்த அத்தியாயத்தையே தூக்கியது. பாடப் புத்தகத்தில் தீண்டாமை 1950இல் அரசியல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டுவிட்டது. 2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாங்குளத்தில் நம்ம பிள்ளைகள் மிட்டாய் வாங்கக் கடைக்குப் போனபோது, ஊர்க் கட்டுப்பாடு, உங்களுக்குக் கொடுக்க மாட்டோம், வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று ஒருவர் சிரித்த முகத்தோடு பேசியதை நாடே கைபேசியில் பார்த்தது. வழக்கு வந்தது, கைதும் நடந்தது, கடைக்குச் சீல் வைத்தார்கள். ஆனால் 'ஊர்க் கட்டுப்பாடு' என்ற அந்தச் சொல்லுக்கு எத்தனை வயசு? அது எந்தெந்த ஊரில், எந்தெந்த வருசத்தில், யார் யாருக்கு எதிராக எழுதப்பட்டது, எழுதாமலே நடந்தது? போலீஸ் எஃப்.ஐ.ஆரில் இதற்குக் கட்டம் கிடையாது. சரித்திரக்காரன் செய்யவேண்டிய வேலை இது.

கல்லையும் புராணத்தையும் விடுவோம், மண்ணுக்கு வருவோம். பஞ்சமி நிலம் என்று நாம் இன்று கோஷம் போடுகிறோமே, அது எங்கிருந்து கிடைத்தது? செங்கல்பட்டு கலெக்டர் டிரெமன்ஹீர் பறையர் நிலைமை பற்றி 1891இல் அரசுக்குக் கொடுத்த அறிக்கையிலிருந்தும், அதன்மேல் 1892இல் பிறந்த அரசாணையிலிருந்தும். ஒதுக்கிய நிலத்தைப் பத்து வருசத்துக்கு விற்கக்கூடாது, அப்புறமும் ஒடுக்கப்பட்டவருக்கு மட்டுமே விற்கலாம் என்ற நிபந்தனை அங்கேதான் இருக்கிறது. ஆவணக் காப்பகத்துத் தூசியில் கிடந்த காகிதத்தை யாரோ எடுத்து வாசித்ததால் ஒரு இயக்கமே பிறந்தது. 1994 அக்டோபர் 10 அன்று காரணை நிலத்துக்காகச் செங்கல்பட்டில் திரண்ட மக்கள்மேல் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர்விட்டார்கள். அவர்கள் கேட்டது ஒரு பழைய அரசாணையை அமல்படுத்து என்பதைத்தான்.

இதில் எனக்குத் தெரிந்த ஒரு கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் எம்.ஏ. தமிழ் படித்தபோது விடுதியில் என் அறையில் இருந்தவன் எம்.ஏ. வரலாறு. அவனுக்கு ஒரே ஆசைதான்: தன் ஊரின் நிலப் பதிவேடுகளை நூறு வருசத்துக்குப் பின்னோக்கி வாசித்து ஆராய்ச்சி செய்யணும். பேராசிரியர் ஒருத்தரிடம் போய்க் கேட்டான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஒங்க ஆளுகளுக்கு எதுக்குய்யா ஆராய்ச்சி? குரூப் ஃபோர் எழுது, சட்டுனு செட்டில் ஆயிரலாம்" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார், அதில் சந்தேகம் இல்லை. இவனும் எழுதினான், தேறினான், இன்று ஒரு ஊரில் கிராம நிர்வாக அலுவலர். 'அ' பதிவேடு அவன் பீரோவிலேயே இருக்கிறது. எந்தக் கட்டத்தில் எந்த நிலம் எப்போது பேர் மாறியது என்று வாசிக்கவும் அவனுக்குத் தெரியும். சாதிச் சான்று, வருமானச் சான்று, வெள்ள நிவாரணம், தேர்தல் வேலை எல்லாம் போக அவனுக்குத்தான் நேரம் இல்லை. "மாப்ள, கையில சாவி இருக்கு, தொறக்க நேரமில்லல" என்று போனில் சொல்லிச் சிரிப்பான்.

நம்ம ஆட்களையும் இந்த இடத்தில் நாலு வார்த்தை கேட்கணும். சங்கரன்கோவிலிலிருந்து கூப்பிடு தூரம்தான் நெற்கட்டும்செவல். 1755 முதல் 1761 வரை கும்பினிப் படையோடும் நவாப் படையோடும் புலித்தேவர் மோதிய மண். அவர் படையில் அருந்ததியரான ஒண்டிவீரனும், பள்ளரான வெண்ணிக் காலாடியும் நின்றார்கள் என்ற நினைவை இரண்டு நூற்றாண்டுக்கு மேல் தாங்கி வந்தது வாய்மொழிக் கதையும் பாட்டும். இன்று பாளையங்கோட்டையில் ஒண்டிவீரனுக்கு மணிமண்டபம் இருக்கிறது, 2022 ஆகஸ்ட் 20 அன்று தபால் தலையும் வந்தது. வரட்டும், வேண்டியதுதான். ஆனால் விழாவுக்கு எத்தனை வேன் பிடிக்கிறோம், பேனரில் எத்தனை முகம் போடுகிறோம்! அந்தக் கதையைப் பாடத் தெரிந்த கடைசிக் கிழவனிடம் போய் உட்கார்ந்து பதிவுசெய்ய எத்தனை பேர் போனோம்? கும்பினிக்காரன் எழுதிவைத்த கடிதங்கள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அதில் நம்ம பெயர் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க எத்தனை பேரை அனுப்பினோம்? "நாங்களும் ஆண்ட பரம்பரை" என்று சுவரில் எழுதினால் சரித்திரம் ஆகிவிடாது. ஆண்டவன் ஒருத்தன் என்றால் அவனுக்குக் கீழே மிதிபட்டவன் ஆயிரம் பேர். நாம் தேடவேண்டியது அந்த ஆயிரம் பேரை. அடுத்த சாதிக்காரன் கிரீடம் வைத்தால் நாமும் அட்டையில் கிரீடம் வெட்டிக்கொள்வதா?

பண்டிதர் அயோத்திதாசர் விசயம் இதைவிடக் கசப்பு. 1907 ஜூனில் ராயப்பேட்டையில் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கி, 1914இல் இறக்கும்வரை வாராவாரம் இந்த நாட்டுச் சரித்திரத்தைத் தலைகீழாகப் புரட்டி எழுதினார். சரி தப்பு பிறகு பார்க்கலாம், முதலில் வாசிக்கக் கிடைக்கணுமே. அந்த ஏடுகளைக் காத்தவர்கள் அன்பு பொன்னோவியம் போன்ற பௌத்தக் குடும்பத்துப் பெரியவர்கள். தொகுத்தவர் ஞான அலாய்சியஸ், ஒரு சமூகவியலாளர். 1999இல் வெளியிட்டது பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம். அவர் இறந்து எண்பத்தைந்து வருசம் கழித்து! இத்தனை வருசமும் தமிழ்நாட்டில் வரலாற்றுத் துறைகள் சம்பளம் வாங்கிக்கொண்டுதான் இருந்தன.

சோற்றுக் கேள்விக்கு வருகிறேன். அதைத் தட்டிக்கழிக்க எனக்கு விருப்பமில்லை.

வாத்தியார் வேலை இருக்கிறது. பி.ஏ. வரலாறு, பி.எட்., ஆசிரியர் தகுதித் தேர்வு இரண்டாம் தாள், அதற்குமேல் டி.ஆர்.பி. போட்டித் தேர்வு என்றால் பட்டதாரி ஆசிரியர். எம்.ஏ., பி.எட்., டி.ஆர்.பி. தேர்வு என்றால் முதுகலை ஆசிரியர். வழி சுலபம் என்று ஏமாற்ற மாட்டேன். 2012இல் முதல் தகுதித் தேர்வை ஏறக்குறைய ஆறரை லட்சம் பேர் எழுதி 2,448 பேர் தேறினார்கள். எல்லாருக்கும் ஒரே தொண்ணூறு மதிப்பெண், இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கு ஒரு மதிப்பெண்கூடச் சலுகை இல்லை. போராடி, வழக்காடி, 2014இல்தான் ஐந்து விழுக்காடு தளர்வு வந்தது. அதுவரை போன பிள்ளைகளின் வயசை யார் திருப்பித் தருவது?

கல்லூரி ஆசிரியர் ஆக நெட் தேர்வு, அல்லது மாநிலத் தகுதித் தேர்வு. நெட்டில் இளநிலை ஆய்வு நிதி கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். சங்கரன்கோவில் தறிக்கூலியோடு இதை வைத்துப் பாருங்கள். "ஆராய்ச்சியா, அப்போ சோத்துக்கு?" என்று கேட்கும் வீட்டில் இந்தத் தொகையை எழுதிக் காட்டணும். ஆனால் நிரந்தரப் பணியிடங்களை வருசக்கணக்கில் நிரப்பாமல் கௌரவ விரிவுரையாளர் என்று பேர் வைத்துத் தொகுப்பூதியத்தில் ஓட்டுகிறார்கள் அல்லவா, அங்கே நாம் மோதியாகணும். அந்தப் பேரில் மட்டும்தான் கௌரவம் இருக்கிறது.

இவை எல்லாரும் அறிந்தவை. அறியாதவை வேறு. சென்னையில் மாநிலத் தொல்லியல் துறை தொல்லியலுக்கும் கல்வெட்டியலுக்கும் இரண்டாண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பு நடத்துகிறது, எம்.ஏ. முடித்தவர்கள் சேரலாம். இடம் சொற்பம், ஆனால் படித்து முடிப்பவனுக்குத் தமிழி, வட்டெழுத்து, கிரந்தம் வாசிக்க வரும், குழி வெட்டிப் பானையோட்டை அடுக்கு பார்த்து எடுக்க வரும். தொல்லியல் அலுவலர், கல்வெட்டாய்வாளர், காப்பாட்சியர் என்று அரசுப் பதவிகள் இருக்கின்றன. கீழடியில், ஆதிச்சநல்லூரில், சிவகளையில் குழிக்குள் மண் சுமந்த கூலிகளில் நம்ம சனம் உண்டு. குழிக்கு மேலே நின்று குறிப்பெழுதியவர்களில் எத்தனை பேர்? எழும்பூர் ஆவணக் காப்பகம் 1909லிருந்து நிற்கிறது, அங்கே ஆவணக் காப்பாளர் வேலை இருக்கிறது. மைசூரில் ஒன்றிய அரசின் கல்வெட்டுப் பிரிவு இருக்கிறது, ஊட்டியில் இருந்து 1966இல் அங்கே போனது. தமிழ்க் கல்வெட்டுப் படிகளைச் சென்னைக்குக் கொண்டுவரச் சொல்லி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2021 ஆகஸ்டில் உத்தரவிட்டபோது நாமெல்லாம் கைதட்டினோம். தட்டலாம். படி சென்னைக்கு வந்தாலும் அதை வாசிக்கிறவன் யார் என்ற கேள்வி அப்படியேதான் நிற்கிறது. தீண்டாச்சேரி என்ற சொல்லை ஒருவன் 'ஊர்ப் பெயர்' என்று ஒற்றை வரியில் கடப்பான். இன்னொருத்தன் அங்கேயே ஒரு வருசம் உட்காருவான். இரண்டு பேருக்கும் சம்பளம் ஒன்றுதான்.

நம்ம அபிசேகப்பட்டியில் 1990லிருந்து நடக்கும் பல்கலைக்கழகத்துக்கு மனோன்மணீயம் சுந்தரனார் பேர். நாடகம் எழுதியவர் என்று மட்டும் நமக்குத் தெரியும். தத்துவப் பேராசிரியரான அவர் கல்வெட்டுகளைத் தேடி அலைந்து திருவிதாங்கூர் பழைய மன்னர்களின் காலத்தைக் கணக்கிட்டவர், சம்பந்தர் காலத்தை ஆராய்ந்தவர். அவர் பட்டம் வாங்கியது வேறு பாடத்தில். ஆகவே பி.காம். படித்துவிட்டேன், தமிழ் படித்துவிட்டேன், எனக்கு இதில் வேலை இல்லை என்று யாரும் நழுவவேண்டாம்.

இயக்கங்களிடம் நாம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. காலனிக்குக் காலனி போட்டித் தேர்வு வகுப்பு நடத்துகிறோம், நல்லது. அதில் வாரத்தில் ஒரு மணி நேரத்தை நெட் தேர்வு வரலாற்றுக்கு ஒதுக்குங்கள். எம்.ஏ. வரலாறு முடித்த பிள்ளைகளின் பட்டியல் ஒன்று ஒவ்வொரு வட்டத்திலும் இருக்கட்டும். எழும்பூரில் ஒரு மாசம் தங்கி ஆவணம் பார்க்க ஒரு பிள்ளைக்கு ஆகிற செலவு ஒரு கட்அவுட் செலவுதான். வெளிநாட்டு உதவித்தொகையில் வரலாற்றுக்குப் போட்ட தடையை நீக்கு என்பதை ஏப்ரல் 14 ஊர்வலத்தில் ஒரு முழக்கமாகச் சேருங்கள். இதுவரை நான் போன எந்த ஊர்வலத்திலும் அதைக் கேட்கவில்லை.

சங்கரன்கோவிலில் நாங்கள் ஒன்று தொடங்க நினைத்திருக்கிறோம். இங்கிருந்து கழுகுமலை பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கே பாறையில் வட்டெழுத்தில் சமணத் துறவிகளின் பேர்கள் இருக்கின்றன, குரத்தியர் என்ற பெண் துறவிகளின் பேரும் இருக்கிறது. எங்க பிள்ளைகள் அந்தப் பாறைமேல் ஏறி நின்று செல்பி எடுத்துவிட்டு வருகிறார்கள், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமை தோறும் காலை பத்து மணிக்கு வட்டெழுத்து வகுப்பு. இடம் இருக்கிறது, கரும்பலகை இருக்கிறது, பதினோரு பிள்ளைகள் பேர் கொடுத்திருக்கிறார்கள், அதில் ஏழு பேர் பெண்கள். சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம். பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும் தருவோம்.